கம்ப்யூட்டர் நம் மடியில், கணக்கு யார் கையில்?

"உலகம் உங்கள் கையில்!" 2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்கு லாப்டாப் வழங்கத் தொடங்கியபோது தமிழ்நாடு சர்க்கார் அத்திட்டத்துக்குச் சூட்டிய பெயர் இது. நாற்று நடுகிற தாயின் மகள் கம்ப்யூட்டரை மடியில் வைத்துப் படிக்கிறாள் என்றால் அதைக் கண்டு வயிறெரிகிறவர்கள் வேறு ஆட்கள், நாம் அல்ல. 2011 செப்டம்பரில் விலையில்லா லாப்டாப் திட்டம் முதலில் வந்தபோது "இலவசம், இலவசம்" என்று முகம் சுளித்த கனவான்களை நமக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டு, ஏழை வீட்டுக்கு ஒன்று போனால் நாடு குட்டிச்சுவராகும் என்று ஓலமிட்டவர்கள் அவர்கள்.

ஆகவே நாம் கேட்கப்போகும் கேள்வி கம்ப்யூட்டர் வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. கேள்வி வேறு.

இனிமேல் எந்த மனிதனும் கம்ப்யூட்டரை விட்டுப் பிரியமாட்டான் என்கிறார்கள். ஆபீசும் பாங்கியும் பள்ளிக்கூடமும் கடைவீதியும் சட்டைப் பைக்குள் வந்துவிட்டனவாம். வயலுக்குப் போனால் வயலுக்கு வரும், ஆலைக்குப் போனால் ஆலைக்கு வரும், படுக்கைக்கும் கூடவே வரும். யந்திரம் எல்லார் கையிலும் இருப்பதால் இனி முதலாளி என்றும் தொழிலாளி என்றும் பேசுவது பழம்பாட்டு என்று கம்பெனிக்காரர்கள் தம்பட்டம் அடிக்கிறார்கள். அவர்கள் விளம்பரத்தால் வயிறு வளர்க்கும் பத்திரிகைகள் பக்கவாத்தியம் வாசிக்கின்றன. செல்போன் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அது ஒரு முழுக் கம்ப்யூட்டர் என்பது உண்மைதான். அதை நாம் எங்கும் தூக்கிக்கொண்டு போகிறோம் என்பதும் உண்மைதான். ஆனால் தோழர்களே, சுமப்பவன் வேறு, சொந்தக்காரன் வேறு என்பதை மூட்டை தூக்கும் தொழிலாளிக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை!

மேலூரில் நடந்தது

நம் மதுரை ஜில்லாவிலேயே ஒரு சரித்திரம் இருக்கிறது. 2001ல் மேலூர் தாலுகாவின் கிராமங்களில் கம்ப்யூட்டர் நிலையங்கள் திறக்கப்பட்டன. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கம்பியில்லாத் தொலைபேசி முறையைக் கொண்டு கிராமத்துக்கு இன்டர்நெட் வந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் இதில் கூட்டாளிகள். செல்போன் என்பது மிராசுதார் வீட்டுச் சாமானாக இருந்த காலம் அது. முதியோர் பென்ஷன் மனுவையும் பிறப்புச் சான்றிதழ் மனுவையும் ஊரிலிருந்தே தாலுகா ஆபீசுக்கு அனுப்ப முடிந்தது. மேலூருக்குப் பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை இழந்து, குமாஸ்தாவின் மேஜை முன் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. கண்ணில் கோளாறு என்றால் அந்தக் கம்ப்யூட்டரில் படம் பிடித்து மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். டாக்டர் பார்த்துச் சொன்னார். பயிரில் நோய் விழுந்தால் வேளாண்மைக் கல்லூரியைக் கேட்டார்கள். இதெல்லாம் நல்ல காரியம். யார் செய்தாலும் நல்ல காரியம்தான்.

பிறகு என்ன ஆயிற்று? அந்த நிலையங்களை ஊர் ஊருக்கு ஒரு சின்ன வியாபாரமாக அமைத்தார்கள். நிலையம் வைத்தவர் சுமார் 50,000 ரூபாய் கடன்பட்டு யந்திரம் வாங்க வேண்டும். கட்டணம் வசூலித்து அதிலிருந்து தவணை கட்டவேண்டும். பத்து ரூபாய் கொடுத்து மனுப் போட வந்தவர்கள் கூலி ஜனங்கள். அவர்களிடம் எத்தனை பத்து ரூபாய் இருக்கும்? யந்திரம் பழுதானால் பார்க்க ஆள் இல்லை. தாலுகா ஆபீசில் உற்சாகமான அதிகாரி மாற்றலாகிப் போனதும் மனுவை வாங்கிக்கொள்வோர் இல்லை. சில வருஷங்களில் பெரும்பாலான நிலையங்களில் கதவு சாத்தப்பட்டது. ஊருக்குப் பள்ளிக்கூடம் வைக்கும்போது "லாபம் வருமா?" என்று கேட்பதில்லையே, ஊருக்குக் கம்ப்யூட்டர் வைக்கும்போது மட்டும் ஏன் கேட்டார்கள்? நாம் இன்றும் அதே கேள்வியைக் கேட்கிறோம்.

அதே 2001ல் பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகளும் ஒரு கம்பெனியின் என்ஜினீயர்களும் சேர்ந்து 'சிம்ப்யூட்டர்' என்ற உள்ளங்கைக் கம்ப்யூட்டரைக் காட்டினார்கள். அதன் யோசனை நம் மனதுக்குப் பிடித்த யோசனை. யந்திரம் ஊருக்குப் பொது. ஆளுக்கு ஒரு சிறு அட்டை மட்டும் சொந்தம். அட்டையைச் செருகினால் அவனவன் கணக்கு, அவனவன் விவரம் வரும். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு யந்திரம் வாய்விட்டுப் படித்துக் காட்டும். விலை 9,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். லட்சக்கணக்கில் செய்து ஊர் ஊருக்குக் கொடுக்க எந்தச் சர்க்காரும் முன்வரவில்லை. சில ஆயிரம் விற்றதோடு அது முடிந்துபோயிற்று. பொதுச்சொத்தாக வந்திருக்கவேண்டிய கம்ப்யூட்டர் அப்படிச் செத்தது. பிறகு ஆளுக்கு ஒன்றாக, மாதச் சந்தாவோடு, கம்பெனிச் சரக்காக வந்தது. 2024 ஜூலையில் மூன்று பெரிய செல்போன் கம்பெனிகளும் சொல்லிவைத்தாற்போல் ஒரே வாரத்தில் கட்டணத்தை ஏற்றினவே, அப்போது எந்தச் சட்டைப் பைக்குள் எவன் கை நுழைந்தது என்பதைத் தொழிலாளி தெரிந்துகொண்டான். பொதுத்துறை பி.எஸ்.என்.எல். ஸ்தாபனத்துக்குக் காலத்தில் 4ஜி வசதி கொடுக்காமல் இழுத்தடித்துப் படுக்கவைத்தது யார்? 2020 ஜனவரியில் 78,000க்கும் அதிகமான ஊழியர்களை "விருப்ப ஓய்வு" என்ற பேரில் ஒரே நாளில் வெளியே அனுப்பியது யார்? இதைத்தான் தடையற்ற போட்டி என்கிறார்கள்!

கண்மாய்க் கரையில் ஒரு மேஸ்திரி

இனி, யந்திரம் நம் கைக்கு வந்த பிறகு அது யாருக்கு வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

நூறு நாள் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். உசிலம்பட்டியிலும் கள்ளிக்குடியிலும் செல்லம்பட்டியிலும் கண்மாயில் மண் வெட்டிய தாய்மார்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2021 மே மாதத்தில் மத்திய சர்க்கார் செல்போன் மூலம் வருகைப் பதிவு எடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. 2023 ஜனவரி 1 முதல் அது நாடெங்கும் கட்டாயம். காலையில் ஒரு போட்டோ. பிற்பகலில் ஒரு போட்டோ. எந்த இடம், எந்த நிமிஷம் என்பதும் படத்தோடு பதிவாகவேண்டும். இரண்டில் ஒன்று ஏறவில்லை என்றால் அன்றைய கூலி ஆபத்துக்குள்ளாகும்.

அளவு வேலை என்றால் என்ன? இத்தனை நீளம், இத்தனை ஆழம் வெட்டினால் இவ்வளவு கூலி. விடியற்காலையில் வந்து, வெயில் ஏறுமுன் அளவை முடித்து, வீட்டுக்குப் போய் ஆட்டையும் மாட்டையும் பார்ப்பது நம் பெண்களின் வழக்கம். வேலை முடிந்தாலும் இரண்டாவது போட்டோவுக்காக உச்சி வெயிலில் காத்துக்கிடக்க வைத்தது இந்த முறை. மண்ணை வெட்டியதற்குச் சாட்சி வெட்டிய குழிதான். குழி கண்ணெதிரே இருக்கிறது. ஆனால் படம் ஏறவில்லை, ஆகவே நீ வேலை செய்யவில்லை! கண்மாய்க் கரையில் சிக்னல் இல்லை என்பது கூலிக்காரியின் குற்றமா? டவர் நட்டவன் குற்றமா?

போன் யாருடையது? சர்க்காருடையதல்ல. பணித்தளப் பொறுப்பாளரின் சொந்தப் போன், அவர் கைக்காசில் போட்ட ரீசார்ஜ். அவரும் நம் தெருப் பெண்தான். பக்கத்து வீட்டுக்காரியின் கூலியை வெட்டும் கத்தியை அவளையே காசு கொடுத்து வாங்கவைத்து, அவளையே பிடிக்கவைத்த சாமர்த்தியத்தைப் பாருங்கள்!

ஊழலை ஒழிக்கத்தான் இத்தனையும் என்றார்கள். ஒழிந்ததா? 2025 ஜூலையில் அதே கிராம அபிவிருத்தி மந்திரிசபை இலாகா மாகாணங்களுக்கெல்லாம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள், படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள், படத்தில் இருக்கும் தலைக்கும் பட்டியலில் இருக்கும் பேருக்கும் பொருத்தமில்லை என்று அதில் அவர்களே பட்டியல் போட்டார்கள். திருடத் தெரிந்தவன் யந்திரத்தையும் ஏமாற்றக் கற்றுக்கொண்டான். வெயிலில் நின்ற கிழவிதான் கூலியை இழந்தாள். 2023ல் டில்லி ஜந்தர் மந்தரில் பல மாகாணத்துத் தொழிலாளிகள் வந்து உட்கார்ந்து இதைத்தான் சொன்னார்கள். மந்திரிகளின் காதில் ஏறவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. தொழிலாளியின் நிமிஷத்தைக் குறிக்கும் யந்திரம், சர்க்காரின் மாதத்தைக் குறித்ததா? 15 நாளில் கூலி கொடுக்கவேண்டும் என்பது 2005ம் வருஷத்துச் சட்டம். 2025 ஜனவரியில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களுக்கு 1,056 கோடி ரூபாய் கூலி பாக்கி என்று முதல் மந்திரியே பிரதம மந்திரிக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. தாமதத்துக்கு நஷ்டஈடு உண்டாம், நாளொன்றுக்கு நூற்றுக்கு 0.05 வீதம்! 2025-26ல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். ஒரு நாள் கூலி ஒரு நாள் தாமதமானால் நஷ்டஈடு 17 பைசா கூட ஆகவில்லை. நாம் கால்மணி நேரம் தாமதித்தால் நாள் முழுவதும் போச்சு. அவர்கள் கால் வருஷம் தாமதித்தால் பைசாக் கணக்கு. கடிகாரம் ஒரு பக்கம்தான் ஓடுகிறது, தோழர்களே!

2025 டிசம்பரில் பார்லிமெண்டில் இரண்டே நாளில் புதுச் சட்டம் நிறைவேற்றி அந்தப் பழைய சட்டத்தின் பேரையே மாற்றினார்கள். காந்தியின் பெயர் போயிற்று. நூறு நாள் 125 நாள் ஆயிற்று என்று பெருமை பேசினார்கள். செலவில் நூற்றுக்கு நாற்பதை மாகாணங்களின் தலையில் கட்டினார்கள். விவசாய வேலை மும்முரமான சமயத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்கவும் வழி செய்தார்கள். மிராசுதாருக்கு மலிவுக் கூலிக்கு ஆள் வேண்டாமா? எல்லாவற்றையும் மாற்றியவர்கள் யந்திரக் காவலை மட்டும் மாற்றவில்லை. உடல் அடையாளச் சோதனையும் செல்போன் கண்காணிப்பும் அந்தச் சட்டத்திலேயே ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

ராதாரிச் சீட்டு

போகுமிடமெல்லாம் ஒரு அடையாளத்தைச் சுமந்து போவது நம் ஜில்லாவுக்குப் புதிதா? உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர்களைக் கேளுங்கள். வெள்ளைக்காரன் 1911ல் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தை இங்கே பிறமலைக் கள்ளர் சமூகத்தின் மீது ஏவினான். ஜனங்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். ஆண்மக்கள் பத்து விரலையும் மையில் தோய்த்துப் பதியவேண்டும். வெளியூர் போவதென்றால் ராதாரிச் சீட்டு வாங்கி மடியில் கட்டிக்கொண்டு போகவேண்டும். ராத்திரி நேரத்தில் ஸ்டேஷனுக்குப் போய் ஆஜர் கொடுத்துப் படுக்கவேண்டும். ரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் ஜனங்களின் மீது 1920 ஏப்ரல் 3ந் தேதி போலீஸ் சுட்டது. மாயாக்காள் என்ற பெண்மணியும் அங்கே உயிர் நீத்தார். தோழர் பி. ராமமூர்த்தி போன்றவர்களும் முத்துராமலிங்கத் தேவரும் பல காலம் போராடிய பிறகு 1947ல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது.

அன்றைய துப்பாக்கியும் இன்றைய செல்போனும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அந்தத் தியாகத்தைக் குறைப்பதாகும். ஆனால் ஒரு விஷயம் மாறாமல் இருக்கிறது. சீட்டு நம் மடியில். அதில் எழுதுகிற பேனா அவன் கையில். மில்லில் பஞ்சும் வயலில் களையும் தேய்த்துத் தேய்த்து ரேகை அழிந்துபோன விரலை ரேஷன் கடை யந்திரம் ஏற்காதபோது, நம் தாய் நான்கு தடவை விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கிறாளே, அந்த நிமிஷத்தில் அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியுமா? உழைத்ததற்கு அடையாளமே அந்த அழிந்த ரேகைதான்!

ஆலைக்குள்ளே பூட்டு, தெருவிலே சவுக்கு

இனி ஆலைக்கு வருவோம். ஹார்வி மில் காலத்தில் சங்கு ஊதினால் ஊர் விழித்தது. அடுத்த சங்கு வரை உடம்பு முதலாளிக்கு. அதன் பிறகு நம்முடையது. அந்த எட்டு மணி நேரத்துக்கு எல்லை கட்டத்தான் எத்தனை வேலைநிறுத்தம், எத்தனை சிறைவாசம்! இன்றோ சங்கை மடியிலேயே கட்டிவிட்டார்கள். ஷிப்டு முடிந்து சைக்கிளை மிதிக்கும்போதே வாட்ஸப்பில் சூபர்வைசரின் செய்தி வருகிறது. "நாளைக்கு நைட்டுக்கு வா." பதிலித் தொழிலாளி பதில் போடாவிட்டால் மறுநாள் வேலை இல்லை. இதற்கு மிகைநேரக் கூலி உண்டா? கிடையாது; இது வேலையே அல்லவாம். பிரான்சில் 2017 ஜனவரி முதல், வேலை நேரத்துக்குப் பிறகு இப்படி வரும் அழைப்புகளிலிருந்து விலகியிருக்கும் உரிமையைப் பற்றித் தொழிற்சங்கத்தோடு பேசவேண்டிய கடமையைப் பெரிய கம்பெனிகள் மீது சட்டம் சுமத்தியிருக்கிறது. இங்கே அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது என்கிறார்கள்.

திண்டுக்கல் முதல் கோவை வரை ஸ்பின்னிங் மில்களின் விடுதிகளில் வேலை பார்த்த இளம் பெண்களின் கதையோ தலைகீழ். திருமணத் திட்டம் என்று ஆசைகாட்டி அழைத்து வந்து, விடுதியில் அடைத்து, செல்போன் வைத்துக்கொள்ளவும் தடை போட்டதை 2011லும் 2014லும் வெளிவந்த ஆய்வறிக்கைகள் உலகத்துக்குச் சொல்லின. அம்மாவிடம் பேச வார்டனின் அனுமதி வேண்டும். கவனியுங்கள்! கண்மாய்க் கரையில் போன் இல்லாவிட்டால் கூலி இல்லை; மில் விடுதியில் போன் இருந்தால் வேலை இல்லை. நம்மைக் கண்காணிப்பதற்கென்றால் கம்ப்யூட்டர் கட்டாயம். நாம் பேசுவதற்கும் நடந்ததைப் பதிவு செய்வதற்கும் என்றால் அதே கம்ப்யூட்டர் குற்றம். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சட்டைப் பை உலகத்தின் வருங்காலம் எந்தத் திசையில் போகிறது என்பது பச்சைக் குழந்தைக்கும் விளங்கும்.

அந்தச் சாமானைச் செய்பவர்களும் நம் பெண்களே. உலகத்திலேயே விலையுயர்ந்த செல்போன்களில் ஒரு பங்கு ஸ்ரீபெரும்புதூரில் பூட்டப்படுகிறது. 2021 டிசம்பரில் அங்கே பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் விடுதிச் சாப்பாட்டால் விஷமேறி நூற்றுக்கு மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு ஆயிரக்கணக்கானோர் சென்னை-பெங்களூர் ரோட்டில் உட்கார்ந்த பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது.

மதுரைத் தெருக்களில் சாப்பாட்டுப் பொட்டலம் சுமந்து மோட்டார் சைக்கிளில் பறக்கும் வாலிபர்களைப் பாருங்கள். போன் அவன் சொந்தம், வண்டி அவன் சொந்தம், பெட்ரோல் அவன் காசு. ஆகவே அவன் தொழிலாளி அல்ல, "கூட்டாளி" என்கிறது கம்பெனி! நம் ஊர் கைத்தறி நெசவாளிக்கு இந்தப் பித்தலாட்டம் பரிச்சயமானது. தறி அவன் வீட்டில், அவன் சொந்தம். நூல் முதலாளியுடையது, கணக்கு நோட்டு முதலாளியுடையது. சொந்தத் தறி இருந்தும் நெசவாளி முதலாளி ஆகவில்லை, கடன்காரன்தான் ஆனான். இன்று நோட்டு ஒரு கம்ப்யூட்டர் நிரலாகி எங்கோ கடல் கடந்து கிடக்கிறது. நேற்று ஒரு பொட்டலத்துக்கு இவ்வளவு கொடுத்த கம்பெனி இன்று ஏன் குறைத்தது என்று கேட்க ஒரு மேஸ்திரியின் முகம்கூட இல்லை. 2021ல் ஸ்பெயின் தேசம் ஒரு சட்டம் போட்டது. உணவு கொண்டு போகிறவன் தொழிலாளியே என்றும், கூலியையும் வேலையையும் தீர்மானிக்கும் நிரல் எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதைத் தொழிலாளர் பிரதிநிதிகளுக்குச் சொல்லியாகவேண்டும் என்றும் அது கூறுகிறது. ஸ்பெயினில் முடிந்தது இங்கே ஏன் முடியாது?

"கம்யூனிஸ்டுகள் கம்ப்யூட்டர் விரோதிகள்" என்று உடனே பல்லவி பாடுவார்கள். 1960களில் கல்கத்தாவில் இன்ஷூரன்ஸ் ஊழியர்கள் இலாக்கோ மாளிகைக்குக் காவலிருந்து கம்ப்யூட்டரை உள்ளே விடவில்லை என்று கேலி பேசுவார்கள். அந்த ஊழியர்கள் கேட்டது ஒன்றே. இந்த யந்திரம் மிச்சப்படுத்தும் வேலை எங்கள் ஓய்வாகுமா, அல்லது எங்கள் பட்டினியாகுமா? அறுபது வருஷமாகியும் கேலி செய்தவர்கள் பதில் சொல்லவில்லை. யந்திரத்தை வெறுக்கிறவன் ரிங் பிரேமில் நூல் பிணைத்து வாழ்வானா?

ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம். யந்திரம் பழுது, சிக்னல் இல்லை, ரேகை ஒத்துவரவில்லை என்ற காரணத்துக்காக ஒருவர் கூலியும் ஒருபிடி அரிசியும் நிற்கக்கூடாது. வேலைத்தலத்தில் பேனாவால் எழுதிய வருகை நோட்டு இருக்கவேண்டும், தொழிலாளி கையெழுத்தோடு. படத்துக்கும் நோட்டுக்கும் தகராறு வந்தால் நோட்டே செல்லும். வேலைக்குப் போன் தேவை என்றால் வேலை கொடுப்பவன் வாங்கித் தரவேண்டும், ரீசார்ஜும் அவனே போடவேண்டும். மில் விடுதிப் பெண்ணின் போனைத் தொட எந்த வார்டனுக்கும் அதிகாரம் கிடையாது. ஷிப்டுக்குப் பின் வரும் செய்தி, வேலை என்றே கணக்கிடப்படவேண்டும்.

மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கவும் வேண்டாம். நூறு நாள் திட்டத்தின் வருகைப் பட்டியல்கள் கம்ப்யூட்டரில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. ஊர்ப் பேரைத் தேடி, வாரத்தைத் தேடி எடுத்தால் யார் பேரில் எத்தனை நாள், எவ்வளவு கூலி, எந்தத் தேதியில் பாங்கிக்குப் போயிற்று என்பதெல்லாம் வரும். இலவச லாப்டாப் வாங்கிய நம் பிள்ளைகள் ஊருக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். மே 1ந் தேதி ஒவ்வொரு பஞ்சாயத்திலும் கிராம சபை கூடும். முந்தின வாரமே அந்தப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பட்டியலை எடுத்து வைக்கட்டும். சபையில் லாப்டாப்பைத் திறந்து ஒவ்வொரு பேராக உரக்கப் படிக்கட்டும். வேலை செய்தும் பேர் விடுபட்டவர்கள் எழுந்து நின்று சொல்லட்டும். வேலைக்கே வராதவன் பேர் இருந்தால் அதையும் சொல்லட்டும். சொன்னதையெல்லாம் தீர்மான நோட்டில் எழுதவைத்து, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலைக் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள்.